கடலில் பிரேக் கிடையாது

"இன்னைக்கு ஒரு நாள் நீ எனக்கு அம்மா இல்ல. கஸ்டமர். புரியுதா?"

கயாக் கொட்டகையின் பின்பக்கம், ஈர லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கும் கம்பிக்குக் கீழே என்னை நிறுத்தி வைத்து, என் மகள் இப்படிச் சொன்னாள். பெற்று வளர்த்தவளைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது? சுருக்கென்று கோபம் வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டேன். அன்றைக்கு நடக்கவேண்டிய காரியம் அவளுடையது.

காரியம் இதுதான். பாறைக்கரையோரமாகப் பயணிகளைக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப அழைத்து வருவது அவள் வேலை. இதுவரை உதவி வழிகாட்டிதான். கொட்டகைக்காரர் முன்னால் போவார், இவள் பின்னால் போவாள். இப்போது அவருக்குத் தோள்பட்டை போய்விட்டது. கொட்டகையை இவளிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார நினைக்கிறார். ஆனால் தனியாகக் குழுவை அழைத்துப்போக இவளுக்குத் தலைமை வழிகாட்டிச் சான்றிதழ் வேண்டும். போன வருஷம் அந்தத் தேர்வில் தவறினாள். இந்த முறையும் தவறினால் கொட்டகை வேறொருவன் கைக்குப் போய்விடும். அந்த வேறொருவன் ஏற்கெனவே வந்து கதவு ஜன்னலெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

தேர்வு என்றால் உட்கார்ந்து எழுதுவதல்ல. குறைந்தது நாலு பயணிகளை ஒரு பகல் முழுக்கக் கடலில் அழைத்துப்போய்ப் பத்திரமாகக் கரை சேர்க்க வேண்டும். தேர்வாளர் கூடவே வந்து பார்ப்பார். பதிவு செய்திருந்த நாலு பேரில் இரண்டு பேர், சாயங்காலம் காற்று அடிக்கும் என்ற செய்தியைக் கேட்டுவிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். தேர்வாளரோ மறுநாள் வேறு ஊருக்குக் கிளம்புகிறவர். ஆக, காலியான இரண்டு இடத்தில் உட்கார நானும் என் சம்பந்தியம்மாவும் வந்து நின்றோம்.

"அம்மான்னு தெரிஞ்சா அவரு பார்க்கற பார்வையே மாறிடும்," என்றாள் மகள். "வாயத் திறக்காத. எனக்குச் சொல்லிக்குடுக்காத. யாருக்குமே எதுவும் சொல்லிக்குடுக்காத."

"நான் எப்போடி சொல்லிக்குடுத்தேன்?"

அவள் ஒரு லைஃப் ஜாக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சொந்தமாக ஓட்டுநர் பள்ளி வைத்திருக்கிறேன். எங்கள் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. என் வலது கால் எப்போதும் அதன் மேலேயே இருக்கும். ஊரில் எனக்கு 'பிரேக் டீச்சர்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம், முகத்துக்கு நேரேதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். என் வண்டியில் இன்றுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

என் மகளுக்கும் நான்தான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் நடுத்தெருவில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். ஒரு திருப்பத்தைக்கூடத் தன்னை முழுசாகத் திருப்ப விடவில்லையாம் நான். பிறகு போட்டிப் பள்ளியில் போய்ச் சேர்ந்து, ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பள்ளிக்காரன் அதை இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் லாரி வந்தது. நான் பார்த்தேன்.

சரி, கடலுக்கு வருவோம்.

கரையில் இரண்டு இரட்டைக் கயாக்குகள், இரண்டு ஒற்றைக் கயாக்குகள். ஒற்றையில் ஒன்று மகளுக்கு, ஒன்று தேர்வாளருக்கு. அவர் சிவப்புத் தொப்பி போட்ட ஒல்லி மனிதர். வந்ததிலிருந்து வணக்கத்தைத் தவிர வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஓர் இரட்டைப் படகுக்குப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. துடுப்பை எடுத்துக் கொடுப்பதற்குக்கூட ஒருவர் கையை ஒருவர் விடாத ஜோடி. இன்னொரு படகு எங்களுக்கு.

சம்பந்தியம்மா மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிறவர். குள்ளம், உருண்டை, வெள்ளை மனசு. யாரைப் பார்த்தாலும் முதலில் கண்ணைப் பார்ப்பார். தேர்வாளரைப் பார்த்ததும் என் காதில், "அவருக்கு எட்டப் பார்வை மங்கல், சம்பந்தியம்மா. கண்ண இடுக்கறாரு பாருங்க. நமக்கு நல்லதுதான்," என்றார்.

மகள் என்னை முன் இருக்கையில் உட்காரச் சொன்னாள். முன் இருக்கையில் பெடல் கிடையாது. பின்னால் உட்காருகிறவருக்குத்தான் காலடியில் இரண்டு பெடல். வலதை மிதித்தால் படகின் வாலில் இருக்கும் சுக்கான் திரும்பிப் படகு வலப்பக்கம் போகும், இடதை மிதித்தால் இடப்பக்கம். இந்த ஏற்பாட்டின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பின் இருக்கையில் உட்கார்ந்த சம்பந்தியம்மாவுக்குக் கால் எட்டவே இல்லை. பெடலை எவ்வளவு கிட்டே இழுத்து வைத்தும், கட்டை விரல் நுனிதான் தொட்டது.

மகள் என்னைப் பார்த்தாள். தேர்வாளர் மகளைப் பார்த்தார். எங்களை இடம் மாற்றி உட்கார வைப்பதைத் தவிர வழியில்லை.

அவள் என் படகுக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தமாக, கஸ்டமரிடம் பேசுகிற குரலில் சொன்னாள். "மேடம், இந்த ரெண்டு பெடலும் திரும்பறதுக்கு மட்டும்தான். கடல்ல பிரேக் கிடையாது. நிக்கணும்னா துடுப்பைப் பின்பக்கமா போடணும்."

"சரிங்க," என்றேன். பெற்ற பெண்ணிடம் 'சரிங்க' என்று சொன்ன வாயை உப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

கிளம்புவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இன்னொன்றும் சொன்னாள். "என்ன ஆனாலும் துடுப்பு போடறத நிறுத்தாதீங்க. கை ஓடற வரைக்கும் படகு உங்களோடது. கை நின்னுட்டா அது கடலோடது."

முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. இடது பக்கம் செங்குத்தான கரும்பாறை. அதன் இடுக்குகளில் வெள்ளை எச்சமும் கடற்பறவைக் கூடுகளும். அடிவாரத்தில் தண்ணீர் ஏறி, நுரைத்து, உறிஞ்சிக்கொண்டு இறங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. புதுமாப்பிள்ளை துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்தும் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். தாடை வலித்தது.

அப்போதுதான் அந்த ஜோடி, எதற்கோ சிரித்துக்கொண்டு, எங்கள் படகுக்குக் குறுக்கே வந்தார்கள்.

மனசு துடுப்பைப் பின்னால் போடு என்றது. கால் கேட்டால்தானே? என் வலது கால் தன் பாட்டுக்குப் போய் மிதித்தது, முழு பலத்தோடு. படகு சடாரென்று வலப்பக்கம் திரும்பி, அங்கே வந்துகொண்டிருந்த என் மகளின் கயாக்கை விலாவில் இடித்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, துடுப்பால் தண்ணீரில் ஓங்கி ஓர் அடி அடித்து, நிமிர்ந்துகொண்டாள்.

தேர்வாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தார்.

மகள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரல் மாறவில்லை. "பரவாயில்ல மேடம். எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றாள். என் படகின் ஓரமாக வந்து, பின்பக்கம் இருந்த கயிற்றை இழுத்தாள். சுக்கான் தண்ணீரிலிருந்து மேலே எழும்பிப் படகின் முதுகில் மடங்கிப் படுத்துக்கொண்டது. "இப்போதைக்குச் சுக்கான் வேணாம். துடுப்பு மட்டும் போதும்."

காலடியில் பெடல்கள் தொளதொளவென்று ஆடின. என் வண்டிச் சாவியை என் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. என்ன தைரியம் இவளுக்கு! அத்தனை பேர் பார்க்க! மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்த பிறகு வேறொன்று தோன்றியது. கஸ்டமர் என்று சொல்லித்தானே கூட்டி வந்தாள்? இந்த ஊரிலேயே என்னைப்போல் ஒரு கஸ்டமர் யாருக்கும் கிடைத்திருக்கக் கூடாது, அப்படி இருந்து காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன்.

சுக்கான் இல்லாமல் படகு நண்டு மாதிரி நடந்தது. சம்பந்தியம்மா தனக்குப் பிடித்த தாளத்தில் துடுப்புப் போட்டார். அவர் வலது போடும்போது நான் இடது, அவர் இடது போடும்போது என் துடுப்பு அவர் துடுப்போடு மோதும். கடைசியில் நானே என் தாளத்தை விட்டுவிட்டு, அவர் முதுகையே பார்த்துக்கொண்டு, அவர் தோள் அசையும்போது என் தோளையும் அசைத்தேன். படகு நேராக ஓடியது.

"பாத்தீங்களா சம்பந்தியம்மா, எனக்குப் பழகிடுச்சு!" என்றார் அவர். நான் அவர் தோளையே பார்த்துத் துடுப்புப் போட்டேன்.

நடுவில் ஒரு குகை வந்தது. வாய் சின்னது. அலை ஏறும்போது வாய் பாதி மூடிக்கொள்ளும். மகள் எங்களை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, வாசலில் தனியாக நின்று அலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பெரிய அலை போனது, இன்னொன்று போனது. எனக்குப் பொறுமை போய்விட்டது, இதற்குள் மூன்று தடவை போய் வந்திருக்கலாமே என்று. பிறகு, ஒன்றுமே மாறாதது போலத் தெரிந்த ஒரு நேரத்தில், "இப்போ," என்று கை காட்டினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனோம். உள்ளே தண்ணீர் பச்சையாக, ஆடாமல் கிடந்தது. வெளியே மறுபடியும் அலை எழும்பும் சத்தம் கேட்டது. என் மகளுக்கு இவ்வளவு தெரியுமா என்று இருந்தது. கஸ்டமர் பூரித்துப்போகக் கூடாது என்பதால் இருமிச் சமாளித்தேன்.

மதியம் கூழாங்கல் நிறைந்த ஒரு சின்னக் கரையில் ஏறிச் சாப்பிட்டோம். ரொட்டியும் அவித்த முட்டையும் பிளாஸ்கில் டீயும். சம்பந்தியம்மா தான் கொண்டுவந்திருந்த கேக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேராகத் தேர்வாளரிடம் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. கண்ஜாடை காட்டினேன். அவர் எனக்குக் கையசைத்தார். நல்ல கண்ணாடிக் கடைக்காரர்!

சாப்பிட்டு முடிவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. சாயங்காலம் வரும் என்று சொன்ன காற்று மதியமே வந்தது. பாறை மறைத்திருந்ததால் கரையில் தெரியவில்லை, ஆனால் தூரத்தில் கடல் வெள்ளை வெள்ளையாகப் புரள ஆரம்பித்திருந்தது. போதாக்குறைக்குப் புதுப்பெண் ஓர் ஓரமாகக் குனிந்து, சாப்பிட்ட முட்டையைக் கடலுக்கே கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மகள் வானத்தைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், காலடியில் சுருங்கிக்கொண்டிருந்த கரையைப் பார்த்தாள். நீர் ஏறினால் அந்தக் கரை இருக்காது. எல்லோரையும் கூட்டி நிறுத்திச் சொன்னாள். "இப்பவே கிளம்பறோம். இன்னும் ஒரு மணி நேரம் போனா காத்து இதவிட அதிகமாகும். எல்லாரும் பக்கத்துலயே வரணும். அந்தப் பாறை முனையத் தாண்டிட்டா நம்ம விரிகுடா. அங்க கரையிலிருந்து கடலைப் பாத்துக் காத்தடிக்கும், அதனால முனை தாண்டின உடனே வலது பக்கம் திரும்பணும். திரும்பலன்னா வெளிய தள்ளிக்கிட்டுப் போயிடும்." வயர்லெஸ் கருவியை எடுத்து, புறப்படுகிறோம் என்று கொட்டகைக்காரருக்கும் சொன்னாள்.

பிறகு என் படகுக்கு வந்தாள். நான் உட்கார்ந்து, படகுக்குள் தண்ணீர் வராமல் மூடுகிற ரப்பர்த் துணியை இடுப்பைச் சுற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாட்டிவிடுகிற சாக்கில் குனிந்தாள்.

"அம்மா," என்றாள். குரலே எழும்பவில்லை. "இந்தக் காத்துல சுக்கான் இல்லாம முடியாது. அந்தப் புதுமாப்பிள்ளைய உன் படகுக்கு மாத்தலாம்னு பாத்தேன். அந்தப் பொண்ணு நிக்கக்கூட முடியாம இருக்கு, அவன விடமாட்டா. சுக்கான எறக்கப்போறேன்."

"எறக்கு."

"போகும்போது வலது பக்கம் பாறை. அலை பாறையப் பாத்துத் தள்ளும். நீ இடது காலத்தான் மிதிச்சுக்கிட்டே வரணும். பயத்துல வலத மிதிச்சேன்னா..." அவள் முடிக்கவில்லை.

"மிதிக்க மாட்டேன்."

"அது உன்னைக் கேட்டா நடக்குது?"

"நான் பாத்துக்கறேன்டி. நீ உன் வேலையப் பாரு," என்றேன். அவள் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கயிற்றை இழுத்துச் சுக்கானைத் தண்ணீரில் இறக்கினாள். பெடல்கள் இறுகின. பிடுங்கிய சாவியை அவளே என் கையில் திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது.

வலது காலை நம்பக் கூடாது என்று எனக்கே தெரியும். படகு கிளம்பியதும் துணிக்கு அடியில் அதைப் பெடலிலிருந்து எடுத்து, மடக்கி, இடது தொடைக்குக் கீழே செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இனி எங்கே போவாய் என்று அதனிடம் கேட்டேன்.

முனை வரைக்கும் போன பாதையைச் சொல்லி மாளாது. அலைகள் இடப்பக்கமிருந்து சின்னச் சின்ன மேடுகளாக வந்து படகைத் தூக்கிப் பாறையின் பக்கம் நகர்த்தின. ஒவ்வொரு தடவையும் இடது காலை அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் தொடைக்குக் கீழே வலது கால் பொறியில் மாட்டிய எலி மாதிரித் துடித்தது. மகள் முன்னால் போய்க்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்துத் துடுப்பை இடப்பக்கம் உயர்த்துவாள். நான் பாறையைப் பார்க்கவில்லை. அவள் மஞ்சள் ஹெல்மெட்டை மட்டும் பார்த்தேன். ஓர் இடத்தில் பாறை அவ்வளவு கிட்டே வந்துவிட்டது, அதன் மேல் ஒட்டியிருந்த சிப்பிகள் தெரிந்தன. சம்பந்தியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு," என்று கத்திக்கொண்டே துடுப்புப் போட்டார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், வேண்டிய நேரத்தில் தன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கையை நிறுத்தவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவருக்கு நான் ஜென்மத்துக்கும் கடமைப்பட்டவள்.

முனையைத் தாண்டினோம். புதுஜோடியின் படகு எங்களுக்கு முன்னால் அழகாக வலப்பக்கம் திரும்பி விரிகுடாவுக்குள் நுழைந்தது. காற்று முகத்தில் அறைந்தது.

நான் வலது காலை எடுத்தேன். எடுத்தேன் என்று நினைத்தேன். கால் வரவில்லை.

மரத்துப்போயிருந்தது. இடுப்புக்குக் கீழே வலப்பக்கம் எனக்குக் காலே இல்லை. சுக்கான் இடப்பக்கம் திரும்பியபடியே நின்றுவிட்டது, நேராக்க வலது பெடலை மிதிக்க ஆளில்லை. படகு விரிகுடாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காற்றோடு சேர்ந்து, நடுக்கடலைப் பார்த்துக் கிளம்பியது.

"சம்பந்தியம்மா, கரை பின்னாடி போகுது!" என்று கத்தினார் முன்னால் இருந்தவர். அவர் கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். திறந்திருக்க வேண்டாம்.

மகள் வந்துவிட்டாள். எப்படி அவ்வளவு வேகமாக வந்தாள் என்று தெரியவில்லை. எங்களுக்கும் நடுக்கடலுக்கும் நடுவில் கயாக்கைக் கொண்டுவந்து நிறுத்தினாள். துடுப்பு அவள் மடியில் கிடந்தது. பின்னாலிருந்து தேர்வாளர் எங்களை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தார். மகள் இடது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, அவரை அங்கேயே நிறுத்தினாள். தேர்வாளரை!

அப்புறம் காற்றை மீறிக் கத்தினாள். "அம்மா! வலது கால்!"

அவ்வளவுதான், மேடமெல்லாம் காற்றில் போயிற்று. எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். இத்தனை வருஷம் கேட்காமலே ஓடி ஓடி மிதித்த கால், இன்றைக்குக் கேட்கும்போது பிணம் மாதிரிக் கிடக்கிறது. அந்தக் காலால் என் மகளுடைய கொட்டகை போகப் போகிறது. விடுவேனா?

"எண்ணுங்க!" என்று சம்பந்தியம்மாவைப் பார்த்துக் கத்தினேன். அவர் எண்ண ஆரம்பித்தார். நான் துடுப்பை நிறுத்தவில்லை. ஒண்ணு என்றால் இடது, ரெண்டு என்றால் வலது. ஒவ்வொரு வீச்சிலும் இடுப்பை முறுக்கி, அந்தக் காலைத் தொடைக்கு அடியிலிருந்து இழுத்தேன். முழங்கால் சட்டத்தில் இடித்தது, வலி தெரியவில்லை. முழங்கால் வந்தது. கணுக்கால் மாட்டிக்கொண்டது. இன்னொரு முறுக்கு. கால் படகின் தரையில் கட்டை மாதிரி விழுந்த சத்தம் கேட்டது. பெடல் எங்கே இருக்கிறது என்று கால் சொல்லவில்லை. உத்தேசமாக முன்னால் தள்ளினேன், ஏதோ தட்டியது. இடுப்பிலிருந்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் வைத்து அழுத்தினேன்.

படகின் மூக்கு மெதுவாக, ரொம்ப மெதுவாக, வலப்பக்கம் நகர்ந்தது. மஞ்சள் ஹெல்மெட் என் பார்வையிலிருந்து விலகியது. கொட்டகையின் தகரக் கூரை உள்ளே வந்தது. காலில் ஆயிரம் ஊசி குத்த ஆரம்பித்தது. குத்தட்டும் என்று இன்னும் அழுத்தினேன்.

கரையில் இறங்கியதும் நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து என் காலைத் தேய்த்துவிட்டார். புதுஜோடி ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்தது. தேர்வாளர் தொப்பியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்து நாள் முழுக்க மூடியிருந்த வாயைத் திறந்தார்.

"முனை தாண்டினதும் இவங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டிருந்தாங்க," என்று மகளிடம் சொன்னார். "படகை மாட்டி இழுக்கற கயிறு உங்க இடுப்புல இருக்கு. நான் உதவிக்கு வந்தேன். என்னையும் நிறுத்தினீங்க. ஏன்?"

அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். "சார், தப்பு என் காலு..." என்று ஆரம்பித்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"அவங்க கை நிக்கல சார்," என்றாள் அவள். "கை ஓடற வரைக்கும் படகு உங்களோடதுன்னு காலையில நான்தான் சொன்னேன். ஓடிட்டிருக்கும்போது நான் எப்படிப் பிடுங்கறது? நின்னிருந்தா அந்த நிமிஷமே கயித்த மாட்டியிருப்பேன்."

"அவங்க உங்க அம்மாங்கறதால காத்திருந்தீங்களா?"

காற்றில் கத்தியது அவர் காதில் விழுந்துவிட்டதோ என்று மகள் திடுக்கிட்டாள். நானும்தான்.

"மதியமே தெரியும்," என்றார் அவர். "கேக் குடுத்தவங்க சொன்னாங்க."

சம்பந்தியம்மா என் காலைத் தேய்ப்பதை நிறுத்தினார். "அவரு கேட்டாரு, நான் என்ன செய்ய? பொய் சொன்னா எனக்குக் கண்ணு காட்டிக்குடுத்துடும்," என்றார் தணிந்த குரலில்.

"அம்மாங்கறதால இல்ல சார்," என்றாள் மகள். "அம்மான்னு நெனச்சிருந்தா பயத்துல முன்னாடியே மாட்டியிருப்பேன்."

தேர்வாளர் கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "கை நின்ன பிறகு மாட்ட நேரம் இருந்திருக்குமா?"

மகள் வலது கையை நீட்டி விரித்துக் காட்டினாள். உள்ளங்கை நடுவில், கயிற்றின் நுனியில் இருக்கும் கொக்கி, வளைவும் முனையுமாக அப்படியே பதிந்திருந்தது. ஓரிடத்தில் தோல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"முனை தாண்டினதிலிருந்து கையிலதான் சார் வெச்சிருந்தேன்," என்றாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் கால் வலி மறந்துவிட்டது. அவளுக்கும் ஒரு பிரேக் இருந்திருக்கிறது. அதை அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பிழைப்பே என் ஒரு காலை நம்பி நிற்கும்போது, அழுத்தாமல் இருந்திருக்கிறாள். அதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதேன்.

தேர்வாளர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "அடுத்த தடவை அந்தக் கைக்கு ஒரு கையுறை போட்டுக்குங்க," என்றார். "அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க தனியாவே கூட்டிட்டுப் போகலாம்."

கொட்டகைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து, போன தோள்பட்டையோடு, அவளைக் கட்டிக்கொண்டார்.

திரும்பும்போது என் காலில் இன்னும் தெம்பு வரவில்லை. மகள்தான் என் காரை எடுத்தாள். பள்ளிக் கார். பின் இருக்கையில் சம்பந்தியம்மா ஏறி, கதவைச் சாத்துவதற்குள் தூங்கிவிட்டார். நான் முன்னால், என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். காலடியில் என் பெடல் இருந்தது, என் செருப்பின் தடத்துக்குத் தேய்ந்து போய்.

மகள் சாவியைப் போட்டாள். திருப்பவில்லை. ஓரக்கண்ணால் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டை மாட்டினேன்.

"கால் மரத்துப்போயிடும்மா," என்றாள் அவள்.

"போகட்டும். எடு வண்டிய."

கடற்கரைச் சாலையில் முதல் திருப்பம் வந்தது. எதிரே லாரி வந்தது. சத்தியமாக வந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, லாரியை விட்டு, திருப்பத்தை முழுசாகத் திருப்பினாள். நான் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். இண்டிகேட்டரை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே போட்டிருக்கலாம். சொல்லவில்லை.